பட்டியல் இல்லாத சட்டம்: ஆண் உடை, பெண் உடை பற்றி உபாகமம் 22:5 என்ன சொல்கிறது?

பெண்கள் ஜீன்ஸ் போடலாமா? சுடிதார் சரிதானா? காதில் கம்மல் போட்ட பையன் ஆராதனைக்கு வரலாமா? கிறிஸ்தவச் சபைகளில் இந்தக் கேள்விகள் கிளம்பும்போதெல்லாம் பதிலாக எடுத்துக் காட்டப்படுவது ஒரே வசனம், உபாகமம் 22:5. திருநர் உரிமை பற்றிய விவாதங்களிலும் அதே வசனம்தான் முதலில் வந்து விழுகிறது. எதிர்ப்பக்கத்திலும் ஒரு பதில் தயாராக இருக்கும்: "அதே அதிகாரத்தில் கம்பளியும் லினனும் கலந்த துணியை உடுத்தக்கூடாது என்றும் இருக்கிறதே, அதை யார் பார்க்கிறீர்கள்?"

இரண்டு தரப்பும் வசனத்தைப் படித்து முடித்துவிட்ட தோரணையில்தான் சண்டையைத் தொடங்குகின்றன. ஆனால் இரண்டாயிரம் ஆண்டுகளாக இதைத் தொழிலாகவே படித்தவர்கள் இதன் பொருளில் ஒத்துப்போனதில்லை. ஏன் என்று அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

## வசனமும் அது இருக்கும் இடமும்

மோசேயின் ஐந்து நூல்களில் கடைசி உபாகமம். கத்தோலிக்கர் பயன்படுத்தும் மொழிபெயர்ப்பில் அதன் பெயர் இணைச்சட்டம். யூதர்களுக்கு இது தோராவின் ஐந்தாம் பகுதி. இதன் சட்டப் பகுதியை, யூதாவின் அரசன் யோசியா கி.மு. 622 வாக்கில் செய்த சீர்திருத்தங்களோடு ஆய்வாளர்கள் பலர் தொடர்புபடுத்துகிறார்கள்.

தமிழ்ச் சபைகளில் பழகிய பழைய மொழிபெயர்ப்பில் வசனம் இப்படி: "புருஷரின் உடைகளை ஸ்திரீகள் தரிக்கலாகாது, ஸ்திரீகளின் உடைகளைப் புருஷர் தரிக்கலாகாது, அப்படிச் செய்கிறவர்கள் எல்லாரும் உன் தேவனாகிய கர்த்தருக்கு அருவருப்பானவர்கள்."

இதற்கு முன்னால் இருப்பது, வழிதவறிய மாட்டைக் கண்டால் உரியவனிடம் சேர்க்க வேண்டும் என்ற சட்டம். பின்னால் வருவது, பறவைக்கூட்டில் குஞ்சுகளோடு தாயையும் சேர்த்துப் பிடிக்கக்கூடாது என்ற சட்டம். அப்புறம் மொட்டைமாடிக்குக் கைப்பிடிச் சுவர் கட்டு, திராட்சைத் தோட்டத்தில் இரண்டு வகை விதை விதைக்காதே, மாட்டையும் கழுதையையும் ஒரே ஏரில் பூட்டாதே, கம்பளியும் லினனும் கலந்த துணியை உடுத்தாதே, மேலங்கியின் நான்கு முனையிலும் தொங்கல் வை என்று போகிறது.

கைப்பிடிச் சுவர் சட்டத்துக்கு அங்கேயே காரணம் இருக்கிறது: யாராவது விழுந்தால் இரத்தப்பழி உன் வீட்டின் மேல் வரும். யார் படித்தாலும் புரியும். உடைச் சட்டத்துக்குக் காரணம் இல்லை. அதைவிட முக்கியம், எது ஆண் உடை, எது பெண் உடை என்ற பட்டியலும் இல்லை. ஒரு வேளை அன்று அது தேவைப்படவில்லை, கேட்டவர்களுக்குத் தெரியும். நமக்குத் தெரியாது. பட்டியல், காரணம் என்ற இந்த இரண்டு காலியிடங்களையும் நிரப்பாமல் யாராலும் இந்த வசனத்தைக் கடைப்பிடிக்க முடியாது. "எழுத்துக்கு எழுத்து கடைப்பிடிக்கிறேன்" என்பவரும் எங்கிருந்தோ ஒரு பட்டியலைக் கொண்டுவந்துதான் ஆக வேண்டும்.

## மூலத்தில் 'உடை' என்ற சொல் ஒரே இடத்தில்தான்

தமிழில் "புருஷரின் உடைகள்", "ஸ்திரீகளின் உடைகள்" என்று இரண்டு பாதியும் கண்ணாடியில் பார்த்ததுபோல் இருக்கின்றன. எபிரேயத்தில் அப்படி இல்லை. ஆண் அணியக்கூடாதது பெண்ணின் 'சிம்லா'. அதாவது மேலே போர்த்தும் ஆடை. அது நேரடியான உடைதான். பெண்மேல் இருக்கக்கூடாதது ஆணின் 'கெலி'. இந்தச் சொல்லுக்கு உடை என்பது முதற்பொருள் அல்ல.

கெலி என்றால் என்ன? இங்கே தமிழ் வாசகருக்கு ஒரு வசதி இருக்கிறது. நம் 'கலம்' என்ற சொல்லை நினைத்துக்கொண்டால் போதும். உண்கலம் பாத்திரம், மரக்கலம் கப்பல், படைக்கலம் ஆயுதம், அணிகலன் நகை. எபிரேயக் கெலியும் கிட்டத்தட்ட இதே வீடுகளுக்கெல்லாம் போய்வருகிறது. ஆலயத்துப் பாத்திரங்கள் கெலி. ஏசாயா 18:2-இல் நாணல் படகு கெலி. ஏசாயா 61:10-இல் மணமகள் பூணும் நகை கெலி. ஆதியாகமம் 27:3-இல் ஈசாக்கு தன் மகன் ஏசாவிடம் வேட்டைக்கு எடுத்துப்போகச் சொல்லும் வில்லும் அம்பறாத்தூணியும் கெலி. அங்கே அதே தமிழ் மொழிபெயர்ப்பு 'ஆயுதங்கள்' என்றுதான் போட்டிருக்கிறது. அரசனுக்குப் பக்கத்தில் நிற்கும் ஆயுததாரி, எபிரேயத்தில் 'கெலி சுமப்பவன்'.

'ஆண்' என்பதற்கும் இங்கே வழக்கமான 'ஈஷ்' இல்லை; 'கெவர்' இருக்கிறது. வலிமை என்ற வேரிலிருந்து வரும் சொல் இது. வீரன் என்று பொருள்படும் 'கிப்போர்' இதன் உடன்பிறப்பு. ஆகவே முதல் பாதியை "ஆடவனின் படைக்கலம் பெண்மேல் இருக்கலாகாது" என்று பெயர்ப்பதற்கும் மொழியில் இடமுண்டு. இது இன்றைய ஆய்வாளரின் கெட்டிக்காரத்தனம் என்று நினைக்க வேண்டாம். தோராவின் மிகப் பழைய அரமேய மொழிபெயர்ப்புகளில் ஒன்றான ஓன்கெலோஸ் தர்கூம் அப்படித்தான் பெயர்த்திருக்கிறது. எதிரிப் படைத்தலைவன் சிசெராவைக் கொன்ற யாகேல் என்ற பெண்ணின் கதைக்கும் பழைய யூத மரபு இதே வழியில் விளக்கம் சொன்னது: அவள் ஏன் வாளை எடுக்காமல் கூடார முளையையும் சுத்தியலையும் எடுத்தாள்? ஆணின் கெலி பெண்மேல் இருக்கக்கூடாது என்ற சட்டத்தை மீறாமல் இருக்கத்தான் என்றார்கள். பெண் மனிதனைக் கொல்லலாமா என்பதைவிட எந்தக் கருவியால் கொன்றாள் என்பது பெரிய கேள்வியாகிவிட்டது. உரைகாரர்கள் உலகம் அப்படி.

இந்த வாசிப்புக்கு வெளியிலிருந்தும் ஒரு துணை உண்டு. இன்றைய துருக்கியை ஆண்ட ஹிட்டைட்டுகளின் (பைபிளில் ஏத்தியர்) படைவீரர் சத்தியப்பிரமாணம் ஒன்று களிமண் பலகைகளில் கிடைத்திருக்கிறது. சத்தியத்தை மீறுகிறவன் பெண்ணாகட்டும், அவனுக்குப் பெண் உடை உடுத்தப்படட்டும், அவன் வில்லும் அம்பும் ஒடிக்கப்பட்டு நூற்கும் கோலும் கண்ணாடியும் கையில் கொடுக்கப்படட்டும் என்று சாபமிடுகிறது அது. அந்த உலகில் ஆண் உடை, பெண் உடை என்றால் துணி மட்டும் அல்ல. ஒருபக்கம் வில், மறுபக்கம் நூற்கோல். யார் போருக்குப் போகிறவர், யார் வீட்டில் நூற்கிறவர் என்ற அடையாளம் அதில் கட்டப்பட்டிருந்தது.

## அன்று யார் என்ன உடுத்தினார்கள்

கி.மு. 701-இல் அசீரிய அரசன் சனகெரிப் யூதாவின் லாகீசு நகரைப் பிடித்தான். அந்த வெற்றியை நினிவேயில் தன் அரண்மனைச் சுவரில் செதுக்கி வைத்தான். அந்தக் கற்கள் இப்போது லண்டனில் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. சிறைபிடிக்கப்பட்டுப் போகும் யூதா மக்களை அதில் பார்க்கலாம். பெண்கள் நீண்ட அங்கி அணிந்து, தலையிலிருந்து கணுக்கால் பக்கம் வரை தொங்கும் போர்வை போட்டிருக்கிறார்கள். ஆண்களும் அங்கிதான். காற்சட்டை யார் காலிலும் இல்லை.

காற்சட்டை என்பது குதிரை ஏறும் மக்களின் கண்டுபிடிப்பு. கிடைத்தவற்றில் மிகப் பழையது, ஏறக்குறைய 3,000 ஆண்டு பழைமையான கம்பளிக் காற்சட்டை, சீனாவின் மேற்கே துர்பான் பகுதிக் கல்லறை ஒன்றிலிருந்து வந்தது. தோராவில் அதற்குக் கொஞ்சம் நெருக்கமாக வருவது, ஆசாரியர்கள் இடுப்பிலிருந்து தொடைவரை அணிய வேண்டிய லினன் உள்ளாடை மட்டுமே (யாத்திராகமம் 28:42). ஆக, "பேண்ட் ஆணின் உடை என்று பைபிளிலேயே இருக்கிறது" என்பது தவறு. பேண்ட் ஆணுடையது என்பது பிற்கால ஐரோப்பாவின் பட்டியல்.

இன்னொன்று. யோசேப்புக்குத் தகப்பன் செய்து கொடுத்த புகழ்பெற்ற அங்கிக்கு எபிரேயத்தில் 'கெதோனெத் பஸ்ஸீம்' என்று பெயர். அதே பெயர் கொண்ட உடை பைபிளில் இன்னும் ஒரே ஒருவர் மேல்தான் இருக்கிறது: தாவீதின் மகள் தாமார் (2 சாமுவேல் 13:18). அரசனின் கன்னிப் பெண்கள் அப்படித்தான் உடுத்துவார்கள் என்று அந்த வசனமே விளக்கமும் சொல்கிறது.

## ஏன் தடுத்தார்கள்? நான்கு விடைகள்

காரணம் எழுதப்படாததால் உரைகாரர்கள் ஊகித்தார்கள். எந்தக் காரணத்தைப் பிடிக்கிறோமோ அதைப் பொறுத்துச் சட்டத்தின் எல்லை மாறிவிடும்.

1. வேடமிட்டு ஏமாற்றுவதைத் தடுக்க. டால்முட் என்ற யூதச் சட்ட விவாதத் தொகுப்பின் காலத்து ரப்பிகளில் (யூத மதகுருக்கள்) ஒரு தரப்பு இதைச் சொன்னது. பிரான்ஸில் வாழ்ந்த யூத உரைகாரர் ராஷி (1040–1105) அதைச் சுருக்கி எழுதினார். பெண் ஆணைப்போல் உடுத்தி ஆண்கள் நடுவே போவதும், ஆண் பெண்ணைப்போல் உடுத்திப் பெண்கள் நடுவே உட்காருவதும் ஒழுக்கக்கேட்டுக்கு வழி. 'அருவருப்பு' என்பது அந்த விளைவைக் குறிக்கிறது, துணியை அல்ல. இப்படிப் படித்தால், யாரையும் ஏமாற்றாத உடை சட்டத்துக்குள் வராது.

2. போர்க்கருவியைத் தடுக்க. ரப்பி எலியேசர் பென் யாக்கோபின் கருத்து: பெண் ஆயுதம் தரித்துப் போருக்குப் போகக்கூடாது, ஆண் பெண்ணின் அலங்காரங்களைச் செய்துகொள்ளக்கூடாது. இப்படிப் படித்தால் ஜீன்ஸ் பிரச்சினை இல்லை, துப்பாக்கிதான் பிரச்சினை.

3. பிற தெய்வ வழிபாட்டைத் தடுக்க. எகிப்தில் வாழ்ந்த யூதச் சட்ட அறிஞர் மைமோனிடிஸ் (1138–1204) தன் தத்துவ நூலில் சொன்னது. சுக்கிரன் முன் நிற்கும் ஆண் பெண்ணின் வண்ண ஆடை அணிய வேண்டும், செவ்வாய் முன் நிற்கும் பெண் கவசம் அணிய வேண்டும் என்று பழைய வழிபாட்டு நூலில் இருப்பதைக் கண்டதாக எழுதினார். சுமேரியரின் இனன்னா தேவி விழாவைப் பாடும் பாடல் ஒன்றில் ஒருபக்கம் ஆண் உடையும் மறுபக்கம் பெண் உடையும் அணிந்து ஊர்வலம் போகிறவர்கள் வருகிறார்கள். கவர்ச்சியான விளக்கம்தான். ஆனால் அந்தப் பாடல் கி.மு. 20ஆம் நூற்றாண்டு, உபாகமம் கி.மு. 7ஆம் நூற்றாண்டு, நடுவே 1,300 ஆண்டு. இடையிலிருக்கும் பாலத்துக்குப் போதிய சான்று இல்லாமல் இதையே முழு விளக்கமாக எடுத்துக்கொள்வது கொஞ்சம் அவசரம்.

4. கலப்பைத் தடுக்க. பக்கத்துச் சட்டங்களைப் பார்த்து இன்றைய ஆய்வாளர்கள் பலர் சொல்வது. விதை, விலங்கு, நூல் எல்லாவற்றிலும் இரண்டு வகை சேரக்கூடாது என்கிற அதே மனம்தான் உடையிலும் வேலை செய்கிறது. வசனம் அங்கே ஏன் இருக்கிறது என்பதற்கு இதுவே நல்ல விளக்கம் என்று தோன்றுகிறது. ஆனால் இதை ஏற்பவர் லினன்–கம்பளிக் கேள்விக்கும் சேர்த்துப் பதில் சொல்ல வேண்டிவரும். வைதீக யூதர்கள் சொல்கிறார்கள். கோட்டு வாங்கினால் அந்தக் கலப்பு இருக்கிறதா என்று பரிசோதிக்கக் கொடுக்கும் வழக்கம் இன்றும் உண்டு. கிறிஸ்தவர்கள் அந்தக் கேள்வியை வேறு விதமாகக் கடந்தார்கள்; அது கீழே வருகிறது.

## பட்டியலை ஊர் எழுதியது

காரணத்தில் பிரிந்தவர்கள் பட்டியல் விஷயத்தில் வியப்பூட்டும் அளவுக்கு ஒன்றுபட்டார்கள். மைமோனிடிஸ் தன் சட்டத் தொகுப்பில், பெண் தலைப்பாகை கட்டுவது, கவசம் அணிவது, ஆணைப்போல் மழித்துக்கொள்வது கூடாது என்கிறார். ஆண் வண்ண ஆடையும் பொன்னகையும் அணியக்கூடாது என்றும் சொல்கிறார். ஆனால் அவற்றைப் பெண்கள் மட்டுமே அணியும் ஊரில். எல்லாம் நாட்டு வழக்கப்படி என்று முடிக்கிறார். நம் ஊரில் குடுமியும் கடுக்கனும் ஆண்களுடையவையாக இருந்தன. வேட்டியும் சேலையும் இரண்டுமே தைக்காத துணிகள். வித்தியாசம் நீளத்திலும் கட்டும் விதத்திலும்தான். மைமோனிடிஸின் அளவுகோலைத் தஞ்சாவூரில் வைத்தால் கெய்ரோவில் வந்த விடை வராது.

இதன் விளைவு சிறிய விஷயங்களில் இன்னும் தெளிவாகத் தெரியும். ஆண் முகக்கண்ணாடி பார்ப்பது பெண்களின் பழக்கம் என்று பழைய ரப்பிகள் தடுத்தார்கள். ஆண்களும் கண்ணாடி பார்க்கத் தொடங்கிய பிறகு, 16ஆம் நூற்றாண்டில் போலந்தின் கிராகோவ் நகரத்து ரப்பி மோசே இஸெர்லெஸ், இருபாலரும் கண்ணாடி பார்க்கும் ஊரில் தடை இல்லை என்று எழுதினார். வசனம் மாறவில்லை, பட்டியல் மாறிவிட்டது. பூரிம் என்ற யூதப் பண்டிகையில் ஆண்கள் பெண் வேடமும் பெண்கள் ஆண் வேடமும் போடும் வழக்கத்தையும், அது மகிழ்ச்சிக்காகத்தானே என்று அவர் அனுமதித்தார். அடுத்த தலைமுறையில் யோயேல் சிர்கெஸ் இன்னொரு விலக்குச் சேர்த்தார்: குளிர், வெயில், மழைக்காக அணிந்தால் குற்றமில்லை; எதிர்ப்பாலாகத் தோன்ற வேண்டும் என்ற நோக்கம்தான் குற்றம்.

இஸ்ரேலின் செபார்டிக் (ஸ்பெயின் மரபு வழி வந்த யூதர்) தலைமை ரப்பியாக 1973 முதல் 1983 வரை இருந்த ஒவாதியா யோசேப் பேண்ட் கேள்வியை எதிர்கொண்டபோது, பெண்களுக்கென்றே தைத்த பேண்ட் 'ஆணின் கெலி' அல்ல என்றார். அடக்கம் என்ற வேறொரு காரணத்தால் அது அவருக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் முழங்காலுக்கு மேல் நிற்கும் பாவாடைக்கு அது மேல் என்று தீர்ப்புச் சொன்னார். உடை வேறுபாடு, அடக்கம் ஆகிய இரண்டும் தனித்தனிக் கேள்விகள். நம் ஊர் விவாதங்களில் இவை எப்போதும் ஒரே மூட்டையாகக் கட்டப்படுகின்றன.

இஸ்லாமிய மரபும் இதே இடத்துக்கு வந்து சேர்ந்தது. பெண்களைப்போல் நடிக்கும் ஆண்களையும் ஆண்களைப்போல் நடிக்கும் பெண்களையும் சபிக்கும் ஹதீஸுக்கு (நபிமொழி) உரை எழுதிய இஸ்லாமிய அறிஞர் இப்னு ஹஜர், உடையின் வடிவம் நாட்டுக்கு நாடு வழக்கப்படி மாறும் என்று குறிப்பிட்டார்.

## கிறிஸ்தவச் சபை கையாண்ட விதம்

தொடக்கத்திலிருந்தே இரண்டு குரல்கள். 4ஆம் நூற்றாண்டின் நடுவில், இன்றைய துருக்கியிலுள்ள கங்ராவில் கூடிய சங்கம், துறவு என்ற பெயரில் ஆண் உடை அணியும் பெண்ணைச் சபைக்கு வெளியே தள்ளியது. அங்கே பிரச்சினை துணி மட்டும் அல்ல. திருமணத்தையே இழிவாகப் பேசிய ஒரு துறவுக் கூட்டத்தை அடக்கும் தீர்மானங்களில் அதுவும் ஒன்று. மறுபக்கம் 866-இல், புதிதாக மதம் மாறிய பல்கேரியர்கள் காற்சட்டை பற்றிக் கேட்டபோது போப் முதலாம் நிக்கோலஸ் எழுதிய பதில்: நீங்களோ உங்கள் பெண்களோ அதை அணிவதாலும் அணியாததாலும் உங்கள் மீட்புக்குத் தடையும் இல்லை, புண்ணியத்தில் கூடுதலும் இல்லை. 1,150 ஆண்டுக்கு மேலாகியும் அந்தக் கடிதம் சில ஊர்களுக்குப் போய்ச் சேரவில்லை போலும்.

13ஆம் நூற்றாண்டில் கத்தோலிக்க இறையியலாளர் தாமஸ் அக்வினாஸ் இதை ஒழுங்குபடுத்தினார். மோசேயின் சட்டங்களை அவர் ஒழுக்கச் சட்டம், சடங்குச் சட்டம், நீதிமுறைச் சட்டம் என்று மூன்றாகப் பிரித்தார். முதல் வகை எல்லோருக்கும் எப்போதும் பொருந்தும். மற்ற இரண்டும் இஸ்ரவேலோடு முடிந்தவை. லினன்–கம்பளிக் கேள்வியைக் கிறிஸ்தவர்கள் கடந்தது இந்தப் படியில்தான். உடைச் சட்டம் எதில் சேரும் என்பதில்தான் சிக்கல், ஏனென்றால் உபாகமம் எந்தச் சட்டத்துக்கும் மேலே வகையைக் குறித்து வைக்கவில்லை. எதிர்ப்பாலின் உடை தன்னளவில் தவறு என்ற அக்வினாஸ், அன்றைய பொது வழக்கத்தையே அளவாக வைத்தார். எதிரியிடமிருந்து ஒளிய, வேறு துணி இல்லாததால், அதுபோன்ற வேறு தேவைக்காக அணிந்தால் பாவமில்லை என்று விலக்கும் கொடுத்தார்.

அந்த விலக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்பது ஜோன் ஆஃப் ஆர்க் வழக்கில் தெரிந்தது. ஆங்கிலேயரை எதிர்த்துப் போரிட்ட அந்தப் பிரெஞ்சுப் பெண் 1431-இல் ரூவான் நகரில் பிஷப் பியேர் கோஷோன் தலைமையில் விசாரிக்கப்பட்டார். ஆண் உடை பற்றிக் கேட்டபோது, உடை மிகச் சிறிய விஷயம் என்றார். மே 24 அன்று மிரட்டலுக்குப் பணிந்து குற்றச்சாட்டுகளை ஒப்புக்கொண்டு பெண் உடைக்கு மாறினார். நான்கு நாளில் மறுபடி ஆண் உடையில் இருப்பதைக் கண்டார்கள். பழைய குற்றத்துக்குத் திரும்பியவர் என்று தீர்ப்பாகி, மே 30 அன்று உயிரோடு எரிக்கப்பட்டார். இரவும் பகலும் ஆண் காவலர்கள் இருந்த சிறையில் இறுக்கிக் கட்டிய ஆண் உடை அவருக்குப் பாதுகாப்பாக இருந்தது என்று பின்னர் சாட்சிகள் சொன்னார்கள். 1456-இல் அந்தத் தீர்ப்பு ரத்தானது. மறுவிசாரணையில் அக்வினாஸின் விலக்கு எடுத்துக்காட்டப்பட்டது. 1920-இல் அவரைப் புனிதராகவே அறிவித்தார்கள். வசனமும் சபையும் மாறாமலே ஒரு பெண் குற்றவாளியாகவும் புனிதராகவும் ஆகியிருக்கிறார்.

பவுல் முக்காடு பற்றி எழுதிய 1 கொரிந்தியர் 11-ஐயும் இதோடு சேர்த்துப் படிப்பது நல்லது. ஆண் முடியை நீளமாக வளர்ப்பது கனவீனம் என்று இயற்கையே போதிக்கவில்லையா என்று கேட்பவர், வாதத்தை முடிக்கும் இடத்தில் பிடிப்பது "வழக்கம்" என்ற சொல்லை: எங்களுக்கும் தேவனுடைய சபைகளுக்கும் அப்படிப்பட்ட வழக்கமில்லை. கத்தோலிக்கரின் 1917 சட்டத் தொகுப்பு பெண்கள் ஆலயத்தில் தலையை மூட வேண்டும் என்றது. 1983 தொகுப்பில் அந்த விதி இல்லை. தமிழ்நாட்டுச் சபைகள் பலவற்றில் சேலைத் தலைப்பு முக்காடாக இன்றும் தொடர்கிறது. குடுமியை வெட்டினால்தான் கிறிஸ்தவனா என்று 19ஆம் நூற்றாண்டு மிஷனரிகள் இங்கே மோதிக்கொண்டபோது, ராபர்ட் கால்டுவெல் அது மதச் சின்னம் அல்ல, நாட்டு வழக்கம் என்று வாதாடினார். ஊர் வழக்கத்தைப் பார் என்ற மைமோனிடிஸின் அதே வழிதான்.

## அரசும் பட்டியல் எழுதிப் பார்த்தது

மதத்துக்கு வெளியேயும் இதே கதை நடந்தது. 1800-இல் பாரிஸ் காவல்துறை, பெண் ஆண் உடை அணிய அனுமதிச்சீட்டு வாங்க வேண்டும் என்று ஆணையிட்டது. 1892-இலும் 1909-இலும் தளர்த்தினார்கள்: கையில் சைக்கிள் ஹேண்டில்பாரோ குதிரையின் கடிவாளமோ இருந்தால் பேண்ட் போடலாம். 2013-இல்தான் அந்த ஆணை செல்லாது என்று அரசு அறிவித்தது. அமெரிக்காவில் 1848-இல் கொலம்பஸ், 1863-இல் சான் பிரான்சிஸ்கோ எனப் பல நகரங்கள் "தன் பாலுக்கு உரியதல்லாத உடை" என்று சட்டம் போட்டன. உரிய உடை எது என்ற பட்டியல் அங்கும் இல்லை. பிடித்துப்போகும் போலீஸ்காரரின் கண்தான் பட்டியல்.

## 'அருவருப்பு' எவ்வளவு கனமான சொல்?

எபிரேயத்தில் 'தோஏவா'. இந்த வசனத்தின் கடுமையெல்லாம் இந்தச் சொல்லில்தான் இருப்பதாகப் பலர் கருதுகிறார்கள். கடுமையான சொல்தான். ஆனால் உபாகமத்திலேயே இது ஊனமுள்ள பலி விலங்குக்கும் (17:1), விலக்கப்பட்ட உணவுக்கும் (14:3), கள்ள எடைக்கல்லுக்கும் (25:16) வருகிறது. எபிரேயரோடு உட்கார்ந்து சாப்பிடுவது எகிப்தியருக்கு அருவருப்பு என்று ஆதியாகமம் 43:32 சொல்வதும் இதே சொல்லால். நிறுவையில் கள்ளம் செய்யும் கடைக்காரருக்கும் அதே பட்டம் கிடைத்திருக்கிறது. அதைப் பற்றிய பிரசங்கம் மட்டும் குறைவு.

## இன்றைய கேள்விகளுக்கு இதெல்லாம் எங்கே கொண்டுபோகிறது

ஜீன்ஸ், சுடிதார் கேள்வி எளிது. பெண்கள் அணியும் வழக்கம் ஊரில் நிலைத்துவிட்டால் அது பெண் உடை. சபையின் பெரியவர்களுக்கு அது பிடிக்காமல் இருக்கலாம், அடக்கம் பற்றி அவர்கள் பேசலாம். ஆனால் அதற்கு 22:5 சாட்சிக்கு வராது.

திருநர் கேள்வி அவ்வளவு எளிதல்ல. இங்கே இரண்டு தரப்பும் வசனத்திடம் அது சொல்லாததைக் கேட்கின்றன. ஒரு திருநங்கை சேலை கட்டுகிறார். 'ஆண் பெண்ணின் உடையைத் தரித்தான்' என்று சொல்ல வேண்டுமானால், அவர் ஆண் என்று முதலில் முடிவாகியிருக்க வேண்டும். வசனம் அந்த முடிவைத் தருவதில்லை. அதை முன்பே முடிவான ஒன்றாக எடுத்துக்கொண்டு பேசுகிறது. மேலே பார்த்த நான்கு காரணங்களில் வேடமிட்டு ஏமாற்றுவது, போர்க்கருவி, பிற வழிபாடு மூன்றும் அவருக்குப் பொருந்தவில்லை. நான்காவதான கலப்புத் தடையும், எது எந்த வகை என்று முதலில் தெரிந்தால்தான் வேலை செய்யும். யூதச் சட்டத்தில் எலியேசர் வால்டன்பெர்க் என்ற ரப்பி, அறுவைச் சிகிச்சைக்குப் பின் வெளியே தெரியும் உடலமைப்பே பாலைத் தீர்மானிக்கும் என்று எழுதினார்; மற்ற வைதீக ரப்பிகள் பெரும்பாலோர் ஏற்கவில்லை. அவர்களுடைய கருத்து வேறுபாடு சிம்லா பற்றி அல்ல, ஆள் பற்றி.

இந்திய உச்ச நீதிமன்றம் 2014 ஏப்ரல் 15 அன்று, திருநர் உரிமை பற்றிய நல்சா (தேசியச் சட்டப் பணிகள் ஆணையம்) வழக்கில், ஒருவர் தாம் உணரும் பாலினத்தை உடை, சொல், செயல் வழியே வெளிப்படுத்துவது அரசியல் சட்டத்தின் 19(1)(அ) தரும் கருத்துரிமையில் அடங்கும் என்றது. அது குடிமகருக்கான விடை. சபைக்குள் விவாதம் வேறு வசனங்களில் நடக்க வேண்டியிருக்கும், நடக்கவும் செய்கிறது. எதிர்ப்பவர்கள் "ஆணும் பெண்ணுமாக அவர்களைச் சிருஷ்டித்தார்" என்ற ஆதியாகமம் 1:27-ஐ எடுக்கிறார்கள். ஆதரிப்பவர்கள் அண்ணகர்களைப் (விதையடிக்கப்பட்ட ஆண்கள்) பற்றிய பகுதிகளுக்குப் போகிறார்கள். அண்ணகரும் திருநரும் ஒன்றல்ல. ஆனால் ஆண், பெண் என்ற இரண்டு பெட்டிகளில் அடங்காதவராக பைபிளில் நேரடியாக வருபவர்கள் அவர்களே.

22:5 இருக்கும் பக்கத்தைப் புரட்டினால், அடுத்த அதிகாரத்தின் முதல் வசனம் அப்படிப்பட்டவரைக் கர்த்தருடைய சபைக்குள் வரவிடாமல் தடுக்கிறது. பின்னர் ஏசாயா 56 அந்தத் தடைக்கு எதிராகவே பேசி, அவர்களுக்கு மகன்கள், மகள்களுக்குரிய பெயரைவிட மேலான பெயரைத் தன் ஆலயத்துக்குள்ளேயே தருவேன் என்று கர்த்தர் சொல்வதாக எழுதுகிறது. அப்போஸ்தலர் 8-இல் பிலிப்பு பாலைவனச் சாலையில் சந்தித்து ஞானஸ்நானம் கொடுத்த எத்தியோப்பிய மந்திரி அண்ணகர். தேரில் உட்கார்ந்து அவர் வாசித்துக்கொண்டிருந்தது ஏசாயாவின் 53ஆம் அதிகாரம்; தன்னைப் பற்றிய பகுதிக்கு வர இன்னும் மூன்று அதிகாரம் இருந்தது.